மூடிய அறையின் காற்று: வன்னியிலிருந்து கொரோனா வைரசுகள் பற்றி

இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியில் பிறந்து வளரும் ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகும் வயதை எட்டுவதற்குள், பெரும்பாலும் ஏதாவதொரு கொரோனா வைரசு அதன் மூக்கினுள் புகுந்து, சில நாள் மூக்கொழுகும் தடிமனைக் கொடுத்துவிட்டு வெளியேறியிருக்கும். இது 2020 ஆம் ஆண்டுக்குப் பிறகு தோன்றிய நிலைமை அன்று. எங்கள் பாட்டன் பாட்டி காலத்துப் பிள்ளைகளுக்கும் இதுவே நடந்திருக்க வேண்டும். உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில், “கொரோனாதான் முடிந்துவிட்டதே, இனி அதைப்பற்றி என்ன பேச்சு” என்று பெற்றோரும் மாணவரும் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலை உண்டாகிறது. முடிந்தது, உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 இல் அறிவித்து 2023 மே 5 இல் விலக்கிக்கொண்ட அவசரநிலை மட்டுமே. வைரசு எங்களுடனேயே தங்கிவிட்டது. அதன் உடலமைப்பையும் பரவும் வழியையும் சரியாக அறிந்துகொண்டால், வசதி குறைந்த எங்கள் ஊர்களிலும் செய்யக்கூடியவை பல உண்டு. அறியாதுவிட்டால், அன்று நடந்ததைப் போலவே பணமும் உழைப்பும் பயனில்லாத வழிகளில் கரைந்துபோகும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

மனிதரிடையே நோயை உண்டாக்கிப் பரவியவையாக ஏழு கொரோனா வைரசுகள் நன்கு அறியப்பட்டுள்ளன. அவற்றுள் 229ஈ, ஓசி43, என்எல்63, எச்கேயு1 ஆகிய நான்கும் உலகெங்கும் ஆண்டுதோறும் சுற்றித்திரிந்து பெரும்பாலும் சாதாரண தடிமனை மட்டும் கொடுப்பவை. மற்றைய மூன்றும் சார்ஸ், மேர்ஸ், கோவிட் ஆகிய, உயிரைப் பறிக்கக்கூடிய சுவாச நோய்களின் வைரசுகள். 229ஈ, சிக்காகோப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் தடிமன் மாதிரிகளிலிருந்து டொரதி ஹம்ரே, ஜோன் புரொக்னோ ஆகியோரால் பிரித்தெடுக்கப்பட்டு 1966 இல் வெளியிடப்பட்டது. அதே காலப்பகுதியில் இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகரை அண்டிய தடிமன் ஆய்வு நிலையத்தில் டேவிட் டிரெல் குழுவினர் சேகரித்திருந்த மாதிரிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, சூரியனின் ஒளிவட்டம் போன்ற விளிம்பைப் படமெடுத்தவர் ஜூன் அல்மெய்டா. இவர் கிளாஸ்கோ நகரில் ஒரு பஸ் சாரதியின் மகளாகப் பிறந்து, பல்கலைக்கழகம் செல்லப் பணமில்லாமல் 16 வயதில் பாடசாலையை விட்டு, வைத்தியசாலை ஆய்வுகூடமொன்றில் உதவியாளராகச் சேர்ந்தவர். வறுமையால் படிப்பை இடையில் நிறுத்த நேரும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளிலும் இருப்பதால், இந்தப் பெண்ணின் பெயரை நான் ஒவ்வொரு வருடமும் தவறாமல் சொல்கிறேன். கொரோனா என்ற பெயர் 1968 இல் முன்மொழியப்பட்டது. என்எல்63 நெதர்லாந்தில் ஏழு மாதக் குழந்தையொன்றிடம் கண்டறியப்பட்டு 2004 இலும், எச்கேயு1 ஹொங்கொங்கில் முதியவர் ஒருவரிடம் கண்டறியப்பட்டு 2005 இலும் வெளியிடப்பட்டன. 2002, 2003 ஆம் ஆண்டுகளில் சார்ஸ் பயமுறுத்திய பின்னர்தான் இந்த வைரசுக் குடும்பத்தை உலகம் ஊன்றித் தேடத் தொடங்கியது என்பதை இந்த ஆண்டுகளே காட்டுகின்றன.

இவ்வைரசுத் துணிக்கையின் விட்டம் ஏறத்தாழ 100 நானோமீற்றர். வெளியே இலிப்பிட்டாலான, அதாவது கொழுப்பாலான, மென்மையான உறை. அந்த உறையில் பதிந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் முட்புரதம். உள்ளே புரதத்தால் சுற்றப்பட்ட, மரபுச் செய்தியைத் தாங்கும் ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அந்த இழையில் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் உள்ளன. எங்களுக்கு நன்கு பழகிய டெங்கு வைரசின் இழையில் இருப்பவை ஏறத்தாழ 11,000 மட்டுமே. இவ்வளவு நீண்ட இழையைப் பிழையின்றிப் பிரதிசெய்வது ஆர்.என்.ஏ. வைரசுகளுக்கு எளிதான வேலையன்று. கொரோனா வைரசுகள் அதற்காகவே, பிரதியெடுக்கும்போது நுழையும் தவறான எழுத்தை வெட்டியகற்றும் நொதியம் ஒன்றை வைத்திருக்கின்றன. இதனால் இன்புளுவென்சாவைக் காட்டிலும் இவற்றில் விகாரங்கள், அதாவது மரபு மாற்றங்கள், மெதுவாகவே சேர்கின்றன. ஆனால் இரண்டு வெவ்வேறு கொரோனா வைரசுகள் ஒரே கலத்தினுள் புகுந்தால், இழைகளின் பகுதிகளை மாற்றிக்கொண்டு புதிய கலப்பு வைரசு உருவாகிவிடக்கூடும். மேலும் கோடிக்கணக்கானோரிடம் ஒரே வேளையில் பெருகும் வைரசுக்கு மெதுவான விகாரமே போதுமானது என்பதை, முட்புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களுடன் 2021 நவம்பரில் வெளிப்பட்ட ஒமிக்ரோன் என்ற கோவிட் வைரசு வகை காட்டியது.

உறை இலிப்பிட்டாலானது என்ற செய்தி சமையலறை வரைக்கும் பயன்படுவது. சவர்க்காரம் இலிப்பிட்டைக் கரைக்கும். உறை கரைந்தால் வைரசு செயலிழக்கும். ஆகவே கைகழுவ விலையுயர்ந்த திரவம் எதுவும் தேவையில்லை, கிணற்றுத் தண்ணீரும் சாதாரணச் சவர்க்காரக் கட்டியும் போதும்.

வைரசு கலத்தினுள் புகுவதற்கு, கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏதாவதொரு மூலக்கூற்றை ‘வாங்கி’யாக, அதாவது பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் வாயிலாக, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சார்ஸ் வைரசும் கோவிட் வைரசும் ஏசிஈ2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. சாதாரண தடிமன் தரும் என்எல்63 பற்றிக்கொள்வதும் அதையேதான். ஒரே வாயிலால் நுழையும் இரண்டு வைரசுகளில் ஒன்று தடிமனோடு நின்றுவிட, மற்றொன்று நுரையீரலை அழற்சியால் நிரப்பிவிடுகிறது என்றால், வாங்கி ஒன்றை மட்டும் வைத்து நோயின் கடுமையைக் கணிக்க முடியாது என்பது விளங்கும். வைரசு எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது, உடலின் முதற் தற்காப்பை எவ்வாறு அடக்குகிறது, அதன் பின்னர் உடல் எவ்வளவு மூர்க்கமாக எதிர்வினை காட்டுகிறது என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. கோவிட்டின் முதல் வாரத்தில் வைரசும், கடுமையான நோயாளரில் இரண்டாம் வாரத்தில் உடலின் சொந்த அழற்சியுமே கேடு செய்கின்றன. சிகிச்சை பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு மிகவும் தேவைப்படும்.

இவை எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கும் எங்கள் பட்டிகளுக்கும் தொடர்பு உண்டு. ஓசி43 வைரசின் மிக நெருங்கிய உறவு மாடுகளின் கொரோனா வைரசு. மாட்டிலிருந்து மனிதருக்கு அது தாவியது ஏறத்தாழ 1890 ஆம் ஆண்டளவில் என்று மரபணு ஒப்பீடுகள் மதிப்பிடுகின்றன. கோழிகளின் சுவாசத்தைத் தாக்கும் தொற்று மூச்சுக்குழாய் அழற்சி 1930களிலேயே விவரிக்கப்பட்ட கொரோனா வைரசு நோய். அது மனிதரைத் தொற்றுவதில்லை. 229ஈ, என்எல்63 ஆகியவற்றின் மூதாதைகள் வௌவால்களிடமும், எச்கேயு1 இன் மூதாதை கொறிவிலங்குகளிடமும் இருந்ததாகக் கருதப்படுகிறது. சார்ஸ் வைரசுக்கு நெருங்கிய வைரசுகள் சீனாவின் குதிரைலாட வௌவால்களிடம் காணப்பட்டன. இதைக் கேட்டதும் யுத்தத்தில் சிதைந்த கட்டடங்களில் தொங்கும் வௌவால்களை அடித்துக் கொல்ல முற்படுவது தவறு. அவை பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பவை; தொந்தரவு செய்தால் மனிதருடனான தொடுகை கூடுமேயன்றிக் குறையாது. அவற்றின் எச்சம் படிந்த இடத்தைத் துப்புரவாக்கும்போது தண்ணீர் தெளித்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து கூட்டினால் போதுமானது.

சார்ஸ் 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் தோன்றியது. 8,000 பேருக்குச் சற்று அதிகமானோரைத் தொற்றி, 774 பேரைக் கொன்று, 2003 ஜூலையில் கட்டுக்குள் வந்துவிட்டது. வியட்நாமில் அதை முதலில் இனங்கண்டு உலகை எச்சரித்த இத்தாலிய வைத்தியர் கார்லோ ஊர்பானி அதே நோயால் 2003 மார்ச் 29 இல் இறந்தார். தடுப்பூசியோ மருந்தோ இல்லாமல் சார்ஸை நிறுத்த முடிந்ததென்றால் கோவிட்டை ஏன் நிறுத்த முடியவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இந்த நோயைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் மிகச் சிறந்தது இதுவென்று நான் நினைக்கிறேன். சார்ஸ் நோயாளியிடமிருந்து வைரசு அதிகமாக வெளியேறியது நோய் முற்றிய இரண்டாம் வாரத்தில். அதற்குள் அவர் படுக்கையிலோ வைத்தியசாலையிலோ இருப்பார். கோவிட்டில் நோய்க்குறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரும், தோன்றிய முதல் நாட்களிலுமே வைரசு மிகுதியாக வெளிவருகிறது. குறி எதுவுமே காட்டாதவரும் பரப்பக்கூடும். காய்ச்சல் பார்த்து ஆளைப் பிடிக்கும் முறை முன்னையதில் வென்று பின்னையதில் தோற்றதற்கு இதுவே காரணம். ஓமந்தையிலும் மாங்குளத்திலும் பஸ்ஸை நிறுத்தி நெற்றியில் வெப்பமானியை நீட்டினாலும், அந்த வேளையில் நன்றாக இருப்பதாக உணர்ந்துகொண்டே தொற்றைச் சுமந்து செல்பவரை அது காட்டிக்கொடுக்காது. பம்பைமடுவிலும் கேப்பாப்பிலவிலும் இயங்கிய தனிமைப்படுத்தல் நிலையங்களில் 14 நாள் என்ற கணக்கு வைக்கப்பட்டதும் இதனாலேயே: தொற்றிய பின் நோய் வெளிப்பட எடுக்கும் காலம் சராசரியாக ஐந்து நாள் அளவில் இருந்தாலும், சிலரில் இரண்டு வாரம் வரை நீளக்கூடும்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்; நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதையே. தொடக்கத்தில் இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் பெரிய துளிகள் ஒரு மீற்றருக்குள் விழுந்துவிடும், அந்த இடைவெளியைக் கடைப்பிடித்தால் தப்பிவிடலாம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. 2020 மார்ச் மாதத்தில் உலக சுகாதார நிறுவனமே கோவிட் காற்றினால் பரவுவதன்று என்று பகிரங்கமாக அறிவித்தது. அதே மார்ச் 10 ஆம் திகதி அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்ற இடத்துப் பாடகர் குழுவினர் 61 பேர் இரண்டரை மணிநேரம் ஒரு மண்டபத்தில் பாடிப் பயின்றனர், கைகுலுக்குவதையும் தவிர்த்திருந்தனர். அவர்களுள் 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். ஒருவரிடமிருந்து இத்தனை பேருக்குப் பெரிய துளிகளாலும் தொடுகையாலும் மட்டும் போயிருக்க முடியாது. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதிக் காற்றுவழிப் பரவலை ஏற்கும்படி வேண்டினர். நிறுவனம் படிப்படியாகவே தன் நிலையை மாற்றிக்கொண்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் உலகமெங்கும் மேசைகளைத் துடைப்பதில் செலவான முயற்சியில் ஒரு பாதியேனும் யன்னல்களைத் திறப்பதில் செலவாகியிருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

நுளம்புத்திரி ஒன்றை மூடிய அறையின் மூலையில் கொளுத்தி வைத்தால் சற்று நேரத்தில் புகை அறை முழுவதும் நிறைந்து நிற்பதைப் போலவே, தொற்றுள்ளவரின் மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துணிக்கைகளும் மிதந்து பரவி நிற்கின்றன. முற்றத்தில் கொளுத்தினால் புகை எங்கே போகிறதென்றே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் வாழிடங்களைப் பார்த்தால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது தெளிவாகும். முற்றத்தில் பந்தலிட்டு நடக்கும் செத்தவீடு, அரைச்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட தனியார் கல்வி நிலையக் கொட்டில், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கூடும் திறந்தவெளி ஆகியவற்றில், நெருக்கமாக முகத்துக்கு முகம் நின்று பேசுவதால் வரும் ஆபத்தைத் தவிர மற்றது குறைவு. மாறாக, கண்ணாடி அடைத்த குளிரூட்டப்பட்ட திருமண மண்டபம், வவுனியாவிலிருந்து கொழும்புக்கு இரவு முழுவதும் ஓடும் குளிரூட்டப்பட்ட பஸ், மழைக்காகத் தகரமும் தறப்பாளும் கட்டி அடைத்த வகுப்பறை, வங்கிகளின் காத்திருப்பு அறை ஆகியவையே அதிக கவனத்துக்குரியவை. பழைய ஓலைக்கொட்டிலைப் பின்தங்கியதென்று எண்ணி, சிறிய யன்னலுள்ள சீமெந்து அறையைக் கட்டி, அதனுள் அறுபது பிள்ளைகளை இருத்துவது முன்னேற்றமாகாது என்று கல்வி நிலையம் நடத்தும் நண்பர்களிடம் நான் தொடர்ந்து சொல்லி வருகிறேன்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பொழுது சாய்ந்ததும் நுளம்புக்கும் பாம்புக்கும் அஞ்சி வீட்டுக் கதவு யன்னல்களை அடைத்துவிடுகிறோம். மாரியில் சாரல் அடிப்பதால் பகலிலும் அடைக்கிறோம். ஒருவருக்குத் தடிமன் வந்தால் வீட்டில் அனைவருக்கும் வருவதற்கு இப்பழக்கம் ஒரு முக்கிய காரணம். யன்னலுக்கு நுளம்பு வலை அடிப்பது இதற்கு மிகப் பொருத்தமான தீர்வு, ஏனெனில் அது டெங்கையும் தடிமனையும் ஒருசேரக் குறைக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு யன்னல்கள் திறந்திருந்தால் காற்று ஊடறுத்துச் செல்லும். ஒரேயொரு யன்னல் உள்ள அறையில் மேசை மின்விசிறியை யன்னலருகே வெளிப்பக்கம் பார்த்தபடி வைத்தால் உள்ளேயுள்ள காற்று வெளியே தள்ளப்படும். நோயுற்றவர் விறாந்தையில் அல்லது காற்றோட்டமுள்ள தனி அறையில் படுப்பதும், அவரும் அவரைப் பராமரிப்பவரும் மூக்கையும் வாயையும் நன்கு மூடும் முகக்கவசம் அணிவதும், பணம் அதிகம் கேட்காத தடுப்பு முறைகள்.

வைரசு உயிருள்ள கலத்தினுள் மட்டுமே பெருகும் என்ற அடிப்படை உண்மையை மறந்ததால் இந்த நாட்டில் நேர்ந்த கொடுமை ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. தெருக்களிலும் பஸ் நிலையங்களிலும் கிருமிநாசினி தெளித்தது வீண்செலவு மட்டுமே. ஆனால் கோவிட்டால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும், புதைத்தால் நிலத்தடி நீரில் வைரசு கலக்கும் என்று 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை நடைமுறைப்படுத்தப்பட்டது, உயிரியல் ஆதாரம் எதுவுமில்லாத கட்டளை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் சிசுக்களின் உடல்களைக்கூட எரிக்கக் கொடுக்க நேர்ந்தது. பின்னர் அடக்கத்துக்கு அனுமதி வந்தபோது, முதலில் தெரிவுசெய்யப்பட்ட இடம் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இரணைதீவு. கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடப்பெயர்வின் பின் 2018 இல்தான் தங்கள் மண்ணுக்கு மீண்டிருந்த அந்தத் தீவு மக்கள் எதிர்த்தனர், இறுதியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி தெரிவாயிற்று. ஒரு சமூகத்தின் துயரத்தை வேறொரு சமூகத்தின் வாசலில் இறக்கிவைக்க முயன்ற அந்த முடிவுக்கு அறிவியலில் எள்ளளவும் தேவை இருக்கவில்லை. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது.

வன்னியில் காய்ச்சல் என்றால் அது கோவிட்டாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் டெங்கும், வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலும் வரும். தொண்டை நோ, மூக்கொழுகல், இருமல், மணமும் சுவையும் இல்லாமற்போதல் ஆகியவை கோவிட்டின் பக்கம் சுட்டும். கண்ணின் பின்புற வலியும் தோலில் சிவப்புப் புள்ளிகளும் டெங்கின் பக்கம். கண் சிவத்தல், கெண்டைக்கால் தசை நோ, சிறுநீர் குறைதல் ஆகியவை எலிக்காய்ச்சலின் பக்கம். ஆனால் இந்தக் குறிகளை மட்டும் நம்பி வீட்டில் முடிவெடுக்கக் கூடாது. காய்ச்சல் மூன்றாம் நாளும் நீடித்தால், அதற்கு முன்னரே உடல் மிகவும் சோர்ந்தால் உடனடியாக, வைத்தியசாலைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எந்தக் காய்ச்சல் என்று தெரியும் வரை பரசிற்றமோல் தவிர புரூபன், டைக்குளோபெனாக் போன்ற வலிநிவாரணிகளை எடுக்கக் கூடாது; டெங்காக இருந்தால் அவை இரத்தப்போக்கை ஏற்படுத்தக்கூடும். வயல் வேலை செய்வோர் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சாதாரண கொரோனாத் தடிமனுக்குத் தனி மருந்து கிடையாது, தேவையும் இல்லை. ஓய்வு, வேண்டிய அளவு நீராகாரம், காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஆகியவை போதும். கொத்தமல்லி அவித்த தண்ணீர் தொண்டைக்கு இதமானது, குடிக்கலாம். அது வைரசைக் கொல்லாது. ஆவி பிடிப்பதும் வைரசைக் கொல்லாது, கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோகும் ஆபத்து மட்டும் உண்மையானது. வைரசுக்கு நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்யாது என்பதைச் சொல்லிச் சொல்லி அலுத்தாலும் மீண்டும் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் தடிமன் என்றதும் மருந்துக் கடையில் நான்கு அமொக்சிசிலின் குளிசை வாங்கி விழுங்கும் பழக்கம் எங்கள் ஊர்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. 2020 டிசம்பரில் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றுக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றனர். அந்த நெரிசலே தொற்றுக்கு வாய்ப்பாக அமைந்தது.

கடுமையான கோவிட்டில் உயிரைக் காத்தவற்றுள் முதலாவது ஒட்சிசன். இரண்டாவது, 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ள மிக மலிவான டெக்சாமெதசோன் என்ற, அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்து. பிரித்தானியாவின் ரிக்கவரி என்ற மருந்துப் பரிசோதனை 2020 ஜூனில் வெளியிட்ட முடிவின்படி, நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்தபோது, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பு மூன்றிலொரு பங்காலும், ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டோரின் இறப்பு ஐந்திலொரு பங்காலும் குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை, கேடு கூட இருந்திருக்கலாம். நான் முன்னர் கூறிய இரண்டு வாரக் கதை இங்கேதான் பொருந்துகிறது: வைரசு பெருகும் முதற் கட்டத்தில் அழற்சியை அடக்கினால் உடலின் தற்காப்பைப் பறித்ததாகிவிடும், அழற்சியே எதிரியாகிய பிற்கட்டத்தில் அதை அடக்கினால் உயிர் மிஞ்சும். ஆகவே ஸ்டீரொயிட் குளிசையை வீட்டில் தானாக எடுப்பது ஆபத்தானது. கோவிட்டுக்கு மருந்தென்று பேசப்பட்ட ஐதரொக்சிகுளோரோகுயின், ஐவர்மெக்டின் ஆகியவை முறையான பரிசோதனைகளில் பயன் தரவில்லை. வைரசு பெருகுவதைத் தடுக்கும் நிர்மற்றெல்விர், ரிற்றொனவிர் கூட்டு மாத்திரை நோய் தொடங்கி ஐந்து நாட்களுக்குள் கொடுத்தால் முதியோரையும் நாட்பட்ட நோயாளரையும் பாதுகாக்கிறது. ஆனால் சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும், வேறு பல மருந்துகளுடன் ஒத்துப்போகாது.

விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவியை இப்போது பலர் வீட்டில் வைத்திருக்கிறார்கள். 94 வீதத்துக்குக் கீழே இறங்கினால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. கருமையான தோலில் இக்கருவி உண்மையிலும் கூடுதலான அளவைக் காட்டக்கூடும் என்று 2020 இறுதியில் வெளியான அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. வெயிலில் உழைத்துக் கறுத்த விரல்கள் எங்களுடையவை. ஆகவே 95 என்று கருவி காட்டினாலும், நாலடி நடந்ததும் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நினைவு தடுமாறினால், கருவியை நம்பாமல் ஆளை நம்பி உடனே புறப்பட வேண்டும்.

இந்த நோயில் நான் மிகவும் அஞ்சுவது சிறுநீரக நோயாளரை எண்ணித்தான். வவுனியா மாவட்டமும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டவை. இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இரண்டு மூன்று முறை ஒரே அறையில் மணிக்கணக்காகப் படுத்திருப்பவர் வீட்டிலேயே இருந்துகொள்ள முடியாது. தொற்றினால் அவருக்கு இறப்பு ஆபத்து மற்றவரைவிடப் பல மடங்கு. நீரிழிவு உள்ளவர், நெஞ்சில் எறிகணைச் சன்னம் தாங்கிச் சுவாசப்பை பழுதுபட்டவர், படுக்கையில் இருக்கும் முள்ளந்தண்டுக் காயக்காரர் ஆகியோரும் இதே வரிசையில் வருவர். சாதாரண தடிமன் வைரசுகளும் இவர்களுக்குச் சாதாரணமானவை அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2003 கோடையில் முதியோர் இல்லமொன்றில் ஓசி43 பரவி முதியவர்கள் இறந்தபோது, அது சார்ஸோ என்று முதலில் ஐயுற்றார்கள். தடிமனோடு ஒரு பேரப்பிள்ளை தாத்தாவின் மடியில் ஏறாமல் நான்கு நாள் இருப்பது பாசக்குறைவு அன்று.

இந்த வைரசுகளுக்கு எதிரான நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு, நிலைத்து நிற்பதில்லை. அம்ஸ்ரடாமில் பத்து ஆண்களின் இரத்தத்தை 1980களிலிருந்து தொடர்ந்து சேமித்து ஆராய்ந்தவர்கள், அதே தடிமன் வைரசு ஏறத்தாழ ஓராண்டிலேயே மீண்டும் தொற்றுவது அடிக்கடி நிகழ்வதாக 2020 இல் காட்டினர். ஆகவே தடுப்பூசி போட்டவருக்கும் கோவிட் வருவது கண்டு “ஊசியால் என்ன பயன்” என்று கேட்பவருக்கு விடை: தொற்றைத் தடுக்கும் பிறபொருளெதிரிகள் மாதக்கணக்கில் குறைந்தாலும், நோய் முற்றாமல் காக்கும் நினைவுக் கலங்கள் நெடுங்காலம் நிற்கின்றன. எங்கள் பகுதியில் பலர் பெற்றது சினோபார்ம். அது முழு வைரசையும் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது. பின்னர் பலர் பெற்ற பைசர், முட்புரதத்தைச் செய்வதற்கான கட்டளையை மட்டும் ஆர்.என்.ஏ. வடிவில் உடலுக்குக் கொடுப்பது. அதற்கு அடிப்படையிட்ட விஞ்ஞானிகளான கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2023 இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த முட்புரதத்தைச் சரியான வடிவில் நிலைநிறுத்தும் நுட்பம், கோவிட் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எச்கேயு1, மேர்ஸ் வைரசுகளின் முட்புரதங்களை ஆராய்ந்தபோது வசப்பட்டது. சாதாரண தடிமன் வைரசை ஆராய்வதற்குச் செலவிட்ட பணத்தை யாரேனும் அன்று வீணென்று நிறுத்தியிருந்தால், 2020 இறுதியில் பைசர் போன்ற தடுப்பூசி கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

மேர்ஸ் பற்றி எங்கள் ஊரில் எவரும் பேசுவதில்லை; பேச வேண்டிய ஊர் எங்களுடையது. 2012 இல் சவூதி அரேபியாவின் ஜெத்தாவில் இறந்த ஒருவரிடம் முதலில் இனங்காணப்பட்ட இந்நோய், இதுவரை ஏறத்தாழ 2,600 பேரில் உறுதிப்படுத்தப்பட்டு, அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதன் இருப்பிடம் ஒட்டகம். ஒட்டகத்துக்கு அது மூக்கொழுகலை மட்டும் கொடுக்கலாம், அல்லது எதுவும் கொடுக்காமலும் இருக்கலாம். மனிதரிடையே எளிதில் பரவாவிட்டாலும், வைத்தியசாலைக்குள் புகுந்தால் நிலைமை வேறு: 2015 இல் மத்திய கிழக்கிலிருந்து தென்கொரியாவுக்குத் திரும்பிய ஒரேயொரு பயணியிலிருந்து 186 பேர் வரை நோயுற்று 38 பேர் இறந்தனர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து எங்கள் சகோதரிகளும் சகோதரர்களும் வீட்டுப் பணிக்கும், சாரதி வேலைக்கும், பண்ணை வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்குப் போய்வருகிறார்கள். அங்கே இருப்போர் காய்ச்சாத ஒட்டகப் பாலைக் குடிக்காமலும், ஒட்டகத்தைப் பராமரித்தபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடாமலும் இருக்க வேண்டும். ஊர் திரும்பிய 14 நாட்களுக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையில் நிற்பதற்கு முன்னரே முகக்கவசத்தை அணிந்துகொண்டு, எந்த நாட்டிலிருந்து எந்தத் திகதியில் வந்தோம், ஒட்டகத்தோடு பழகினோமா, அங்கே வைத்தியசாலை எதற்கும் போயிருந்தோமா என்பதைத் தாதியிடமோ வைத்தியரிடமோ கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.